பட்டைக்குள் இருந்த மருந்து



உங்கள் குடும்பத்திலோ சபையிலோ மார்பகப் புற்றுநோய்க்கோ சினைப்பைப் புற்றுநோய்க்கோ சிகிச்சை பெறும் சகோதரி ஒருவர் இருந்தால், அவருடைய மருந்துச் சீட்டில் ‘பாக்லிடாக்செல்’ என்னும் பெயரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். நுரையீரல் புற்றுநோய் கண்ட சகோதரர்களுக்கும் இது கொடுக்கப்படுகிறது. மல்காஜ்கிரி, சஃபில்குடா, நேரேட்மெட், மௌலாலி ஆகிய பகுதிகளில் வீட்டுச் சந்திப்புக்குச் செல்லும்போது இந்தப் பெயரை நான் அடிக்கடி கேட்கிறேன். அதோடு கூடவே மற்றொரு பேச்சும் காதில் விழுகிறது: “ஐயா, இது ஏதோ ஒரு மரத்திலிருந்து எடுக்கிற மருந்துதானாமே. அப்படியானால் அந்த இலையையே கஷாயம் வைத்துக் குடித்தால் போதாதா? முடியாவது கொட்டாமல் இருக்குமே!”

கேள்வி நியாயமானதே. இதற்கு ஒரே வரியில் “கூடாது” என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் கூடாது என்பது விளங்க வேண்டுமானால், அந்த மரத்தின் கதையையே நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

வில் செய்த மரம்

ஊசியிலை மரங்களைப் பற்றி வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சாலொமோன் தேவாலயத்திற்காக லீபனோனிலிருந்து வருவித்த கேதுருவும் தேவதாரியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. அதே கூட்டத்தில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில், அலாஸ்காவின் தென்பகுதி தொடங்கி கலிபோர்னியா வரையிலும் வளருகிற ஒரு மரம் உண்டு. அதற்குப் பசிபிக் யூ என்று பெயர். கேதுருவைப்போல் வானளாவ நிற்கும் மரமன்று அது. மாபெரும் டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலில், ஈரமான காட்டில், மிகவும் மெதுவாக வளரும் சிறிய மரம். ஒரு சாண் குறுக்களவு பருக்கவே நூறு ஆண்டுகள் வரை ஆகிவிடும். செந்நிறமான மெல்லிய பட்டை. தட்டையான பசும் ஊசியிலைகள். மற்ற ஊசியிலை மரங்களில் காணும் மரத்தன்மையுள்ள கூம்புக்குப் பதிலாக, ஒவ்வொரு விதையையும் சூழ்ந்து சிவந்த கிண்ணம் போன்ற சதை.

அந்நிலத்தின் பழங்குடி மக்கள் இம்மரத்தை நன்கு அறிந்திருந்தார்கள். அதன் கட்டை கடினமானது, அதே சமயத்தில் வளைந்து கொடுப்பது, எளிதில் உளுத்துப்போகாதது. ஆகையால் வில், ஈட்டி, படகுத் துடுப்பு, கிழங்கு தோண்டும் கோல், பெரிய மரங்களைப் பலகையாகப் பிளக்கும் ஆப்பு, சீப்பு, மீன் தூண்டில் என எத்தனையோ பொருட்களை அதில் செய்தார்கள். அவர்களுடைய சில மொழிகளில் இம்மரத்தின் பெயரே ‘வில்’ என்று பொருள்படும். பட்டையையும் இலையையும் சில குலத்தார் மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். உடல் வலிமை பெற வேண்டுமென்று இளைஞர்கள் இதன் கிளைகளால் தங்கள் மேனியைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஐரோப்பாவில் இதன் உறவு மரமான ஐரோப்பிய யூவிலிருந்துதான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெடுவில்கள் செய்யப்பட்டன. அங்கே பழைய ஆலயக் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் அம்மரங்களைக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இயந்திர ரம்பங்களோடு காட்டுக்குள் வந்த மரவெட்டிகளுக்கோ இது ஒரு குப்பை மரம். நீண்ட நேரான பலகை இதில் கிடைக்காது. ஆகவே விலையுள்ள மரங்களை வெட்டி ஏற்றியபின், மீந்த கிளைகளோடும் தழைகளோடும் யூ மரங்களையும் குவித்துத் தீயிட்டார்கள். அப்படி எரிந்துபோனவை எத்தனை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

நந்தூர்பாரில் பிறந்த வேதியியலார்

1960இல் அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனமும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து ஒரு பெரும் தேடலைத் தொடங்கின. கண்ணில் படும் செடி கொடி மரம் அனைத்தையும் சேகரித்து, அவற்றின் சாறு புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதே அத்திட்டம். எந்த மரத்தில் என்ன இருக்கும் என்ற முன்னறிவு எதுவும் கிடையாது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலார் வாஷிங்டன் மாநிலத்து கிஃபர்ட் பின்ஷோ தேசிய வனத்தில் பசிபிக் யூவின் பட்டையையும் கிளைகளையும் சேகரித்தார். அன்றைய சேகரிப்பில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

1964இல் அந்தப் பட்டைச் சாறு செல்களைக் கொல்லுகிறது என்று தெரியவந்தது. அதிலுள்ள எந்தப் பொருள் அவ்வாறு செய்கிறது என்று கண்டறியும் பணி, வட கரோலினாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகிய இருவரிடம் வந்தது. இந்த வாணி நம் நாட்டவர். 1925இல் மகாராஷ்டிர மாநிலத்தின் நந்தூர்பாரில் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்பு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டையைக் கரைத்து, பிரித்து, மறுபடியும் பிரித்து, கடைசியில் ஒரு தூய பொருளை எடுத்தார்கள். வால் அதற்கு ‘டாக்ஸால்’ என்று பெயரிட்டார். 1971இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் வாணியுடையது. பிற்காலத்தில் டாக்ஸால் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராகிவிட்டதால், மருந்தின் பொதுப்பெயர் பாக்லிடாக்செல் ஆயிற்று.

(இதே இருவரும் சீன மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் மற்றொரு பொருளையும் கண்டுபிடித்தார்கள். இன்று கொடுக்கப்படும் வேறு சில புற்றுநோய் மருந்துகளுக்கு அதுவே மூலம். அதே பொருள் நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் உண்டு. வாணி 2020இல் காலமானார். நம் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதவில்லை என்பது என் வருத்தம்.)

கட்டிய சாரம் அவிழாவிட்டால்

பொருளைக் கண்டுபிடித்தாயிற்று, ஆயினும் அதை மருந்தாக்க எவருக்கும் ஆர்வமில்லை. அது தண்ணீரில் கரையாது. மரமோ அரிது. பட்டையில் அதன் அளவு மிகமிகச் சொற்பம். கோப்பு பல ஆண்டுகள் அலமாரியிலேயே இருந்திருக்கும். நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் 1979இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பே அதன் போக்கை மாற்றியது.

நம்மில் பலர் கட்டட வேலைத் தலங்களை அறிந்தவர்கள். சுவர் எழும்பச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கம்புகளை இறக்கி, அடுத்த இடத்திற்குக் கொண்டுபோகிறோம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதும் ஏறக்குறைய இதுவே நடைபெறுகிறது. நுண்குழல்கள் என்னும் மிக நுண்ணிய கம்புகளால் செல் தனக்குள் ஒரு சாரம் கட்டி, அதைக்கொண்டு மரபுப் பொருளை இரு பக்கமாக இழுத்துப் பிரித்து, அந்த வேலையின் ஊடாகவே சாரத்தைக் கலைக்கவும் செய்கிறது. கட்டுவதும் கலைப்பதும் இடைவிடாமல் நடந்தால்தான் பிரிவு நிறைவேறும்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் வீட்டு வாசல்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் மருந்துகள் 1960களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. அவை கம்புகள் ஒன்று சேராதபடி தடுத்து, சாரத்தைக் கட்டவே விடுவதில்லை. யூ மரத்துப் பொருள் இதற்கு நேர் எதிரானது. அது சாரத்தைக் கட்ட விடுகிறது. பின்பு அவிழ்க்க முடியாதபடி முடிச்சை இறுக்கிவிடுகிறது. பிரியத் தொடங்கிய புற்றுநோய்ச் செல் பாதியிலேயே சிக்கிக்கொண்டு மடிகிறது. இப்படிச் செயல்படும் பொருளை அதற்கு முன் எவரும் கண்டதில்லை என்பதே ஹார்விட்ஸ் அம்மையாரின் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம்.

முடி ஏன் கொட்டுகிறது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மருந்துக்குப் புற்றுநோய்ச் செல் எது, நல்ல செல் எது என்று பிரித்தறியத் தெரியாது. வேகமாகப் பிரியும் செல் எதுவோ அதைப் பிடிக்கிறது. மயிர்க்கால்களும் எலும்பு மஜ்ஜையும் அத்தகையவை. ஆகையால் முடி உதிர்கிறது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. முடி மறுபடியும் முளைக்கும். விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மரமரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் ஏற்படுவதன் காரணம் வேறு. நரம்புகள் பிரிவதில்லை, ஆனால் நீண்ட நரம்பு இழைக்குள் சரக்கைக் கொண்டுசெல்லும் தண்டவாளமாக இருப்பவை இதே நுண்குழல்களே. தண்டவாளம் பழுதுபட்டால் கடைசி ஸ்டேஷனுக்குத்தான் முதலில் சரக்கு நின்றுபோகும் என்பதை ரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதிக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மரமரப்பை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் அளவையோ இடைவெளியையோ மாற்றக்கூடும்.

தண்ணீரில் கரையாத மருந்தை நரம்புவழியே ஏற்ற, விளக்கெண்ணெயை மூலமாகக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஒரு திரவத்தில் அதைக் கரைத்தார்கள். ஆம், ஆமணக்கு விதையிலிருந்து வரும் அதே விளக்கெண்ணெய்தான். மகபூப்நகர், நல்கொண்டா பக்கம் மானாவாரி நிலங்களில் பயிராகும் ஆமணக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தத் திரவம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. 1980களில் நடந்த முதற்கட்டச் சோதனைகளே அதனால் நின்றுவிடும் நிலை வந்தது. மருந்தை மெதுவாக ஏற்றுவதும், முன்கூட்டியே ஒவ்வாமையைத் தடுக்கும் மாத்திரை, ஊசிகள் கொடுப்பதுமே அதற்குக் கண்ட வழி. இன்றும் மருந்து ஏற்றுவதற்கு முன்பு மாத்திரைகள் கொடுத்து அனுப்புவது இதனாலேயே. “சின்ன மாத்திரைதானே” என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். விளக்கெண்ணெய்த் திரவம் இல்லாமல், இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு சேர்த்துத் தயாரித்த மற்றொரு வகை 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை பழைய வகையைவிட அதிகம்.

நோயாளியா, காடா?

1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வேறு மருந்துகளுக்கு இணங்காத சினைப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இம்மருந்தினால் கட்டி சுருங்கியது. வேறு வழியில்லாதிருந்த பெண்களுக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

உடனே கணக்கு குறுக்கே வந்து நின்றது. ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டும். ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைக்கு இரண்டு கிராம் அளவு தேவையென்றால், அதற்காக நூறாண்டு வளர்ந்த மரங்கள் பலவற்றை இழக்க வேண்டும். பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். அதே காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை அழியும் ஆபத்திலுள்ள பறவை என்று 1990இல் அறிவிக்கப்பட்டிருந்தது. காட்டை வெட்டக் கூடாது என்று ஒரு சாராரும், வெட்டினால்தான் பிழைப்பு என்று மரத் தொழிலாளரும் ஏற்கெனவே மோதிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே, மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு தாயின் உயிரா, ஒரு மரமா என்று கேட்டால் நாம் எவரும் தயங்க மாட்டோம். ஆனால் மரங்கள் தீர்ந்துபோனால் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரும் தாய்க்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் இம்மரத்திற்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றி, அரசுக் காடுகளில் யூ மரங்களை வீணாக்காமல் அறுவடை செய்ய விதிகள் வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் மருந்து அனுமதி பெற்றது.

சிக்கலை அவிழ்த்தது இலை. ஐரோப்பிய யூவின் ஊசியிலையில் டாக்ஸாலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் அதிகமாக இருப்பதை பிரான்சில் பியர் பொத்தியே குழுவினர் கண்டிருந்தார்கள். பட்டையை உரித்தால் மரம் சாகும். இலையைக் கத்தரித்தால் மறுபடியும் துளிர்க்கும். அந்த இலைப்பொருளை ஆய்வகத்தில் டாக்ஸாலாக மாற்றும் சிறந்த வழியை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோல்டன் கண்டுபிடித்தார். பிரான்சில் அதே இலைப்பொருளிலிருந்து டோசிடாக்செல் என்னும் உடன்பிறப்பு மருந்தும் உருவாயிற்று. அந்தப் பெயரையும் சிலர் தங்கள் சீட்டில் பார்த்திருப்பீர்கள். பிற்பாடு யூ மரத்தின் செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவற்றிலிருந்தே மருந்தை எடுக்கும் முறையும் வந்தது. 2004இல் அம்முறைக்கு அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அமெரிக்கக் காட்டு மரத்தை இன்று எவரும் மருந்துக்காக உரிக்க வேண்டியதில்லை.

அண்மையில் வந்த செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யூ மரம் இப்பொருளைத் தனக்குள் எப்படிப் படிப்படியாகத் தயாரிக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதன் மரபணுக்களை வேறொரு செடிக்குள் செலுத்தி, மருந்தின் முன்னோடிப் பொருளை அச்செடியிலேயே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். 2024இல் சீன ஆய்வாளர்களும், 2025இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தாரும் இதை வெளியிட்டார்கள். எந்தச் செடி தெரியுமா? புகையிலையின் நெருங்கிய உறவுச் செடி! எத்தனையோ பேருடைய வாயிலும் நுரையீரலிலும் புற்றை உண்டாக்கிய குடும்பத்தில் ஒருத்தி இப்போது மருந்து செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இமயத்து உறவு மரம்

நம் நாட்டிலும் யூ மரம் உண்டு. காஷ்மீர் தொடங்கி அருணாசலப் பிரதேசம் வரை, இமயமலைச் சரிவுகளில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் அது வளருகிறது. கட்வால் பகுதியில் ‘துனேர்’ என்கிறார்கள். அங்கே மலைவாசிகள் அதன் பட்டையைத் தேயிலைபோலக் கொதிக்க வைப்பதும், கட்டையை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துவதும் பழைய வழக்கம். தாவரவியல் நூல்களில் இமயத்து யூவின் பெயரோடு வாலிக் என்பவரின் பெயர் சேர்ந்திருக்கிறது. நத்தானியேல் வாலிக் யார்? 1807இல் செராம்பூருக்கு வந்த டேனிய மருத்துவர். பின்பு கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர். நம்முடைய மிஷனரி வில்லியம் கேரியின் நண்பர். ராக்ஸ்பர்க் எழுதிய இந்தியத் தாவர நூலைக் கேரி 1820இல் செராம்பூர் அச்சகத்தில் பதிப்பித்தபோது, அதில் வாலிக்கின் குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. வேதாகமத்தை இத்தனை மொழிகளில் அச்சிட்ட கரங்கள் செடிகொடிகளின் நூலையும் அச்சிட்டன என்பதை வேதாகமக் கல்லூரி நாட்களில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மரமும், திருநெல்வேலியின் மலைக்காடுகளில் நிற்பதும், இதே வாலிக்கின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் அது யூ அன்று.

அமெரிக்காவில் மருந்தின் புகழ் பரவியதும் வணிகர்களின் கண் இமயத்தின் மேல் விழுந்தது. 1990களில் இலையும் பட்டையும் லாரி லாரியாக இறங்கின. கூலிக்கு வெட்டியவர்கள் ஏழைகள். கிலோவுக்கு இவ்வளவு என்று பணம். இலையை மட்டும் அளவோடு கத்தரித்திருந்தால் மரம் பிழைத்திருக்கும். அவசரத்தில் கிளைகளையும் மரத்தையுமே சாய்த்தார்கள். அமெரிக்காவில் சட்டமும் ஆந்தையும் வழக்கும் சேர்ந்து மரத்திற்குக் காவலாயின. இங்கே அவ்வாறு எழுந்து நின்றவர்கள் குறைவு. இந்தியாவின் முயற்சியால் 1995இல் இமயத்து யூ, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. காட்டிலிருந்து எடுத்ததை ஏற்றுமதி செய்யவும் தடை வந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது இன்றும் அருகிவரும் மரமாகவே இருக்கிறது. கிளைத்துண்டுகளை வேர்விடச் செய்து நாற்று வளர்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஆனால் இம்மரத்துக்கு அவசரம் தெரியாது.

இலையைக் குடிக்கலாமா?

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். யூ மரத்தின் இலை, பட்டை, விதை எல்லாமே நச்சு. விதையைச் சூழ்ந்த சிவந்த சதை மட்டுமே விதிவிலக்கு. இலையிலுள்ள டாக்ஸின் என்னும் நச்சு இதயத்தின் துடிப்பையே தடுமாறச் செய்யும். ஐரோப்பாவில் யூ கிளையைக் கடித்த குதிரைகளும் மாடுகளும் சிறிது நேரத்தில் விழுந்து இறந்ததுண்டு. மருந்தாகும் பொருளோ இலையிலும் பட்டையிலும் மிகச் சொற்பம். அதுவும் தண்ணீரில் கரையாதது. ஆகவே கஷாயம் வைத்தால் பாத்திரத்தில் இறங்குவது பெரும்பாலும் நஞ்சே, மருந்தன்று. வாலும் வாணியும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையே இந்த நஞ்சையும் மருந்தையும் வேறுபிரித்ததுதான்.

நாட்டு மருந்துக்கடையில் ‘தாளிசபத்திரி’ என்று ஓர் இலை விற்கிறார்கள். அது இருமலுக்கான சூரணங்களில் சேருவது. அந்தப் பெயர் எந்த மரத்தின் இலைக்கு உரியது என்பதில் பழைய நூல்களும் வணிகர்களும் ஒத்துப்போவதில்லை. இமயத்து ஃபிர் மரத்தின் இலையும் அப்பெயரில் வருகிறது. வடநாட்டுச் சந்தைகளில் யூ இலையும் அதே பெயரில் விற்கப்பட்டிருக்கிறது. தேர்ந்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை நம்பி நாமே வாங்கிக் கொதிக்க வைப்பது வேறு. கீமோ நடைபெறும் காலத்தில் எந்தக் கஷாயத்தையும் சூரணத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். கல்லீரலில் அவை ஒன்றோடொன்று மோதக்கூடும்.

“விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?” என்று சொல்லிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் செய்கிறவர்களும் நம்மிடையே உண்டு. எசேக்கியாவுக்காக ஜெபத்தைக் கேட்ட தேவன், அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கும்படியும் ஏசாயா மூலமாகச் செய்தார். லூக்கா வைத்தியனாயிருந்தபடியினால் பவுல் அவரைத் தள்ளிவிடவில்லை. சபையாரின் சுகத்துக்காக நான் எண்ணெய் பூசி ஜெபிக்கிறவன், இனியும் ஜெபிப்பேன். ஆனால் மூன்றாவது தவணைக்குப்பின் மருந்தை நிறுத்திவிடுங்கள் என்று எந்தச் சகோதரியிடமும் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை. பாதியில் விட்ட நோய் திரும்பி வரும்போது முன்னைவிடக் கடினமாக வரக்கூடும்.

நம் நகரத்தில்

நாம் குடியேறிய இந்த நகரம் மருந்து செய்யும் நகரம். 1960களில் பாலாநகரில் எழுந்த ஐ.டி.பி.எல். அரசுத் தொழிற்சாலையில் வேலை கற்றவர்களில் சிலரே பின்பு சொந்த நிறுவனங்களைத் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் தொடங்கிய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் பாக்லிடாக்செலை ‘மிட்டோடாக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1990களின் நடுவில், டாபர் நிறுவனம் யூ இலையிலிருந்து இம்மருந்தைத் தயாரித்துவிட்டது. நம் மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்திலேயே, ஷாமீர்பேட்டை அடுத்த ஜீனோம் வேலியில் எத்தனையோ மருந்து ஆய்வகங்கள் உள்ளன. நம் பிள்ளைகளில் சிலர் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். இந்திய நிறுவனங்கள் பலவும் செய்வதனாலும், அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பதனால் அரசு உச்ச விலை நிர்ணயிப்பதனாலும், இது இன்று செல்வந்தர்களுக்கு மட்டுமான மருந்தாக இல்லை.

ஆயினும் பணத்திற்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமலே இருப்பவர்களை நான் அறிவேன். லக்டிகாபூல் அருகே ரெட் ஹில்ஸில் எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை 1955 முதல் இயங்கிவருகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் கீழ்ச் சிகிச்சை கிடைக்கிறது. தெலங்கானாவில் அதன் வரம்பு 2023 டிசம்பரில் பத்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் ரேஷன் அட்டை எந்த மாநிலத்தது என்பதை முதலில் பாருங்கள். அட்டை இன்னும் தமிழ்நாட்டில் இருக்குமானால் அங்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்றவையும் உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம். அட்டையை மாற்றிக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். எங்கே முதலில் முடியுமோ அங்கே போய்ப் பரிசோதனையைத் தொடங்குங்கள். இந்தி, தெலுங்கு தெரியாத வயதான தாய்மார்களைத் தனியே அனுப்ப வேண்டாம். வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போனால் மருத்துவர் சொன்னதை எழுதிக்கொண்டு வரலாம்.

மருந்து ஏற்றிய முதல் சில நிமிடங்களில் மூச்சு இறுகினாலோ, முகம் சிவந்தாலோ, நெஞ்சு பாரமாக இருந்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடும்படி நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீடு திரும்பியபின் வரும் ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்நாட்களில் காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திராமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். கையில் சிகிச்சைக் கோப்பு இருக்கட்டும்; கடைசியாக ஏற்றிய மருந்தின் பெயரும் தேதியும் அதன் மேல் பக்கத்திலேயே தெரியும்படி எழுதி வையுங்கள்.